முதலில் அளவு, அப்புறம் ஆண்டு

கலைக் கல்லூரியில் கலை வரலாறு எடுக்க வந்த முதல் வருடம், ஒரு மணி நேர வகுப்புக்கு அறுபது ஸ்லைடு வைத்திருந்தேன். விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒருநாள் சிற்பத் துறை மாணவி ஒருவர், "சார், இது நிஜத்தில எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். திரையில் இருந்தது 1434-இல் யான் வான் ஐக் தீட்டிய அர்னோல்ஃபினி தம்பதி. ஆண்டு தெரிந்த எனக்கு அளவு தெரியவில்லை. இப்போது என் வகுப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நீங்களும் கலை வரலாறு எடுப்பவரென்றால், மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். அர்னோல்ஃபினி ஓவியம் சுமார் 82 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம். அதைச் சுவரில் டேப்பால் கட்டம் போடச் சொல்லுங்கள். அடுத்து பிக்காசோவின் குவெர்னிகா: 3.49 மீட்டர் உயரம், 7.76 மீட்டர் நீளம். வகுப்பறைச் சுவர் போதாவிட்டால் தாழ்வாரத்துக்குப் போங்கள். சுவரொட்டிகளில் பெரிதாகப் பார்த்துப் பழகிய, ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' அச்சுப்படம், ஏ3 தாளைவிடச் சிறியது என்று தெரியும்போது மாணவர்கள் அதைக் கையில் பிடித்துப் பார்க்கும் படமாக நினைக்கத் தொடங்குவார்கள்.

ஒரு வகுப்புக்கு ஒரு படைப்பு போதும், மிஞ்சினால் இரண்டு. முதல் பத்து நிமிடம் பெயரும் ஆண்டும் சொல்லாதீர்கள். "இதற்கு என்ன அர்த்தம்?" என்றும் கேட்காதீர்கள். "கை எங்கே தொடங்கியிருக்கும்? எது முதலில் காய்ந்திருக்கும்?" என்று கேளுங்கள். தினமும் வண்ணத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியும்.

இத்தாலிய ஓவியர் ஜொத்தோ பதுவா நகரில் தீட்டிய சுவரோவியங்களை (சுமார் 1305) நான் சுண்ணாம்புச் சாந்தோடுதான் நடத்துவேன். பலகையில் சாந்தைப் பூசி, ஈரம் போவதற்குள் தீட்டச் சொல்வேன். ஒரு நாளில் தீட்ட முடிகிற அளவுக்கு மட்டுமே அந்தக் காலத்தில் சாந்து பூசினார்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு நாள் வேலையின் விளிம்பும் இன்றும் தெரியும். நீலத்தை மட்டும் காய்ந்த பரப்பின்மேல் பூசியதால் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. தன் பலகையில் வண்ணம் உதிர்ந்ததைப் பார்த்தவருக்கு இதைத் திரும்ப விளக்க வேண்டியதில்லை. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு தோலை அரிக்கும்.

ஆண்டுகளைக் காரணத்தோடு சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கும். 1841-இல் ஜான் காஃப் ராண்ட் உலோக வண்ணக்குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். எண்ணெய் வண்ணத்தை வெளியே எடுத்துப்போவது எளிதானது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான பிரஷ்யன் நீலம்தான், சுமார் 1831-இல் ஹொகுசாயின் அலைக்குள் வந்தது. பெர்லினையும் ஜப்பானையும் இணைக்க ஒரு நிறமே போதும்.

இன்னொன்றிலும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஐரோப்பாவை முழுப் பாடமாக வைத்து, மற்றதையெல்லாம் கடைசி வாரத்தில் திணிக்காதீர்கள். சோழர் செப்புத் திருமேனியையும் நைஜீரியாவின் இஃபே நகரத்து உலோகத் தலைச் சிற்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அங்கே உலோகம் ஊற்றியவை. முதலாவது பெரும்பாலும் கெட்டி வார்ப்பு, இரண்டாவது உள்ளே வெற்றிடம் உள்ளது. ஏன் என்று வார்ப்பு தெரிந்த மாணவர்கள் சண்டை போடட்டும்.

தேர்வா? சரி, ஆண்டுக் கேள்விகளைக் குறைத்துவிட்டேன். அவரவர் ஸ்டூடியோவில் மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலை, பழைய ஓவியர் ஒருவர் எப்படிக் கையாண்டார் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறேன். ஒரு மாணவருக்குக் கேன்வாஸின் மேல்பாதியைக் காலியாக விடவே முடியாது. எதையாவது போட்டு நிரப்பிக்கொண்டே இருப்பார். வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' (1656) ஓவியத்தில் ஆட்கள் எல்லோரும் கீழ்ப்பாதியில் இருக்க, மேலே ஏறக்குறைய வெறும் இருட்டு. அதைப் பார்க்கச் சொன்னேன். ஆறு பக்கம் எழுதி, மூன்று பென்சில் ஸ்கெட்சும் இணைத்துக் கொண்டுவந்தார்.