டார்ச் சுடரில் வடித்த கண்ணாடியில் அச்சுப்படம் பதிப்பது எப்படி?

டார்ச் சுடரில் உருக்கி வடித்த கண்ணாடியின் மேல் கணினியில் வரைந்த படத்தைப் பதிக்க, நீரில் நழுவும் டெகால் தாளே (அச்சிட்ட படத்தை மெல்லிய படலமாக வேறொரு பரப்புக்கு மாற்ற உதவும் தாள்) நல்ல வழி. இன்க்ஜெட் மை சூளையில் எரிந்து போய்விடும். கனிமம் மட்டுமே தங்கும். எனவே எனாமல் நிறமியில் (சுடும்போது உருகி ஒட்டும் கண்ணாடித்தூள் கலந்த கனிம நிறம்) அச்சான டெகாலையோ, இரும்பு ஆக்சைடு கலந்த கருப்பு டோனர் (மைத்தூள்) கொண்ட லேசர் பிரிண்டரில் அச்சிட்ட டெகாலையோ பயன்படுத்த வேண்டும். டோனர் தூளைக் காந்தம் இழுத்தால் அதில் இரும்பு உண்டு. சுட்ட பின் அது செம்பழுப்பாக மாறும்.

படத்தை வளைவுக்கேற்ப அமைப்பதில்தான் கணினியின் உண்மையான பயன் இருக்கிறது. 25 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு சுமார் 78.5 மி.மீ.; படத்தின் இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அங்கே கருங்கோடு விழும் என்பதால், அகலத்தைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். உருண்டை வடிவத்தில் தட்டைத்தாள் சுருக்கமின்றிப் படியாது. உலகவரைபட உருண்டையில் ஒட்டுவதுபோல், இரு முனையும் கூம்பிய பட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்த பின் விரல் படக்கூடாது. டெகாலை வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஊறவைத்து, படலம் நகரத் தொடங்கியதும் தாளிலிருந்து கண்ணாடிக்கு நழுவவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளுங்கள். பிறகு விளக்கின் முன் சாய்த்துப் பாருங்கள்: வெள்ளிப் பொட்டுப்போல் மின்னும் இடத்தில் காற்று சிக்கியிருக்கிறது, சுடும்போது அது வெடித்துப் படத்தில் ஓட்டை விழும். பொட்டுகள் அனைத்தும் மறைந்த பின் ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள்.

படத்தைத் தாங்கும் டெகால் படலம் எரிந்து வெளியேற, ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் வரை சூளையை மெதுவாகச் சூடேற்றிக் காற்றோட்டமும் கொடுங்கள். மென்கண்ணாடிக்கான (குறைந்த வெப்பத்தில் இளகும் சாதாரணக் கண்ணாடி) எனாமல் பொதுவாக 580 முதல் 620 டிகிரிக்குள் பிடிக்கும். அதே வெப்பத்தில் மெல்லிய உருவம் தொய்யக்கூடும் என்பதால், முதலில் ஒரு மாதிரித் துண்டைச் சுட்டுப் பார்ப்பது அவசியம். வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி, சூடேறும்போது மிகக் குறைவாகவே விரிவடையும். மென்கண்ணாடிக்கான எனாமலை அதன்மேல் சுட்டால் விரிசல் விட்டு உதிரலாம். இரும்பு டோனரில் உருகி ஒட்டும் பொருள் இல்லாததால், கண்ணாடியின் மேற்பரப்பே இளகினால்தான் அது பிடிக்கும். ஈயம் கலந்த எனாமலை, உணவோ உதடோ படும் இடத்தில் பதிக்கவே கூடாது. சுட்டு முடிந்ததும், அந்தந்தக் கண்ணாடிக்குரிய பதப்படுத்தும் வெப்பத்தில் (உள்ளிறுக்கம் தளரும் வெப்பநிலை) நிறுத்தி மெதுவாக ஆறவிடுங்கள்.