ஹெட்லைட், பிரேக் லைட்டை வீட்டிலேயே மேம்படுத்த: பல்பை மாற்றும் முன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

பைக்கின் ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் நேராகக் கடைக்குப் போய் 100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்பு வாங்கி மாட்டுவதுதான் பலருடைய வழக்கம். கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். பிறகு ஹோல்டர் உருகி நாற்றம் வரும், டிம்-பிரைட் சுவிட்ச் சூடாகும், டூமுக்குள் (ஹெட்லைட் கூட்டுக்குள்) ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருத்து உரியும். இத்தனைக்கும் பல வண்டிகளில் குறை பல்பிலேயே இல்லை. பேட்டரியிலிருந்து பல்புக்கு மின்சாரம் வருகிற வழியில்தான் இருக்கிறது. அந்த வழியைச் சரிசெய்தால், கம்பெனி சொன்ன 60/55 வாட் பல்பே வேறு பல்பு மாதிரி எரியும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது எச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றாக உள்ள ஆலஜன் பல்பு) போடும் 350 சிசி புல்லட், கிளாசிக் வகை வண்டி. ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டி வைத்திருப்பவர்களும் முதல் பகுதியைப் படித்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியின் ஹெட்லைட் ஏசியா டிசியா என்று பாருங்கள். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது வெளிச்சம் துடித்து மங்கி, ஆக்சிலரேட்டர் முறுக்கியதும் ஏறினால் பெரும்பாலும் ஏசி. இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக வருகிறது. ரெவ் மாறினாலும் வெளிச்சம் அவ்வளவாக மாறாவிட்டால் டிசி, பேட்டரியிலிருந்து வருகிறது. சாவி போட்டதும் எரிகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று விதி வந்த பிறகு, டிசி வண்டிகள் சிலவும் இன்ஜின் ஓடினால்தான் லைட்டை எரியவிடுகின்றன. சந்தேகம் தீர மல்டிமீட்டரை ஏசி 20 வோல்ட்டில் (அந்த அளவு இல்லாத மீட்டரில் 200-ல்) வைத்து ஹோல்டரில் அளந்து பாருங்கள்.

ஏசி என்று தெரிந்தால், கீழே சொல்லப்போகும் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேலை உங்களுக்கு இல்லை. சாதாரண ரிலேவுக்கு ஏசி கொடுத்தால் டர்ர் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த வண்டிகளில் எச்எஸ்1 35/35 வாட் பல்பு இருக்கும். அதன் இடத்தில் 60/55-ஐ நுழைத்தால் காயில் அந்தச் சுமையை இழுக்காது. பழைய பல்பைவிட மஞ்சளாக எரியும். எல்இடி போட்டால் ஐடிலில் மினுக்கும், வோல்ட் ஏறி இறங்குவதில் எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் சீக்கிரம் செத்துவிடும். முழுக்க டிசிக்கு மாற்ற வேண்டுமானால் காயிலின் எர்த்தைப் பிரித்து ஃபுல்வேவ் ரெகுலேட்டர் போட வேண்டும். அதைக் காயில் கட்டத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். நீங்களே செய்யக்கூடியது: நல்ல கம்பெனியின் 35/35 பல்பு, சுத்தம் செய்த கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி), புது எர்த் ஒயர். இவ்வளவுக்கே வித்தியாசம் தெரியும்.

டிசி வண்டிக்கு வருவோம். இன்ஜினை ஓடவிட்டு ஐடிலுக்கு மேல் கொஞ்சம் ரெவ் வைத்து, ஹெட்லைட் எரியும்போதே பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் ரெகுலேட்டரையும் பேட்டரியையும் முதலில் பாருங்கள். அடுத்து பல்பு மாட்டியபடியே, கப்ளரின் பின்பக்கத்திலிருந்து மீட்டர் ஊசியை நுழைத்து பல்பின் எரியும் இழையின் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே அளவிடுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, வோல்ட் முழுதாகக் காட்டும். அந்த அளவை நம்பிப் பயனில்லை. இந்த இரண்டு அளவுக்கும் நடுவே அரை வோல்ட் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. ஒன்றரை வோல்ட், இரண்டு வோல்ட் என்று இருந்தால் அதுதான் உங்கள் மங்கல்.

ஒன்றரை வோல்ட்டில் என்ன பெரிதாகக் குறைந்துவிடும் என்று தோன்றும். ஆலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் இறங்குவதில்லை, வோல்ட்டின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கில் இறங்கும். 13.5 வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 60 வாட் பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது. அந்தக் கரண்ட் இக்னிஷன் சுவிட்ச், லைட் சுவிட்ச், டிம்மர் சுவிட்ச், நாலைந்து கப்ளர் என்று சுற்றி மெல்லிய ஒயர் வழியாக வருகிறது. 0.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் மீட்டருக்கு 34 மில்லி ஓம். 2 மீட்டர் போய் 2 மீட்டர் திரும்பினால் ஒயரிலேயே 0.7 வோல்ட் போய்விடும். பச்சை பிடித்த கப்ளர்கள் தின்பது தனிக்கணக்கு.

ரிலே போடுவது இதற்காகத்தான். பழைய சுவிட்ச் வழியாக ரிலேவைத் தட்டிவிடும் சின்னக் கரண்ட் மட்டும் போகும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக வரும். தேவையானவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் நாலு கால் ரிலே இரண்டு, அவற்றுக்கு சாக்கெட் இரண்டு, ஃபியூஸ் ஹோல்டரும் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும், 1.5 ஸ்கொயர் எம்எம் ஆட்டோ ஒயர் 5 மீட்டர், பீங்கான் எச்4 ஹோல்டர் ஒன்று, லக்குகள் (ஒயர் நுனியில் அமுக்கி மாட்டும் உலோக முனைகள்), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், கேபிள் டை. ரெடிமேட் ரிலே கிட்டும் கடைகளில் கிடைக்கிறது. வாங்கினால் ஒரு முனையின் தோலை உரித்துப் பாருங்கள். வெளியே தடிமனாகத் தெரிவது பலநேரம் பிளாஸ்டிக்தான், உள்ளே செம்பு நூல் மாதிரி இருக்கும்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது மறுமுனை சேஸிஸில் பட்டால் ஷார்ட் ஆகும் என்பதால்தான் இந்த வரிசை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

டூமைத் திறந்து பழைய கப்ளரைப் பல்பிலிருந்து உருவுங்கள். அதில் மூன்று ஒயர்: டிம், பிரைட், எர்த். நிறத்தை நம்பாதீர்கள், வண்டிக்கு வண்டி மாறும், கை மாறிய வண்டியில் இடையில் யாராவது வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். நெகட்டிவைக் கொஞ்ச நேரம் மாட்டி லைட்டை எரியும் நிலைக்குக் கொண்டுவந்து, டிம்மர் சுவிட்சை மாற்றி மாற்றி மீட்டரில் பார்த்து ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். பிறகு நெகட்டிவைத் திரும்பக் கழற்றிவிட்டு இணைப்பைத் தொடங்குங்கள்.

கீழே வரும் 30, 85, 86, 87 என்பவை ரிலேயின் கால்களுக்கான எண்கள். பழைய டிம் ஒயர் முதல் ரிலேயின் 86-க்கு. பழைய பிரைட் ஒயர் இரண்டாம் ரிலேயின் 86-க்கு. இரண்டு ரிலேயின் 85-ம் பழைய எர்த்துக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் புது ஒயர் இரண்டு ரிலேயின் 30-க்கும். முதல் ரிலேயின் 87 புது ஹோல்டரின் டிம் காலுக்கு, இரண்டாவதன் 87 பிரைட் காலுக்கு. ஹோல்டரின் எர்த் காலிலிருந்து தனி 1.5 ஒயர் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. இந்தக் கடைசி ஒயரைத்தான் நிறையப் பேர் மிச்சம் பிடிக்கிறார்கள். போகும் வழி தடித்து, திரும்பும் வழி பழைய மெல்லிய ஒயராகவே இருந்தால் பாதிப் பலன்தான்.

ஃபியூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் எங்கே உரசினாலும் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. 10 ஆம்பியர் போதாதா என்றால், டிம் எரியும்போது பாஸ் பட்டனை அமுக்கினால் இரண்டு இழையும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். இருட்டில் நடுரோட்டில் ஃபியூஸ் போகும். ஐந்து கால் ரிலே மட்டுமே கிடைத்தால் நடுவிலிருக்கும் 87ஏ காலைச் சும்மா விடுங்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது கரண்ட் வருவது அந்தக் காலில்தான்; அதில் மாட்டினால் சாவி எடுத்தபின்பும் ஹெட்லைட் எரிந்து பேட்டரி இறங்கும்.

லக் அடிக்கும்போது ஒயரின் தோலை 6 மில்லிமீட்டர் மட்டும் உரியுங்கள். இழைகளை முறுக்கி நுழைத்து, முன்பக்கக் காதை செம்பின் மேலும் பின்பக்கக் காதைத் தோலின் மேலும் அமுக்க வேண்டும். அடித்தபின் நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது. ஸ்லீவை லக் அடிப்பதற்கு முன்பே ஒயரில் கோத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் மறப்பது இதைத்தான்.

ரிலேக்களை டேங்க்குக்கு அடியில், கால்கள் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். மேலே பார்த்தால் சாக்கெட்டில் தண்ணீர் நிற்கும். சைலன்சர் பக்கம் ஒயர் போகக் கூடாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கழுத்தருகே ஒயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுங்கள்.

இனி பல்பு. பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற கம்பெனிகளின் 60/55 போதும். அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் வகைகளும் உண்டு, ஆயுள் குறைவு. கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது, பூச்சு கையோடு வந்துவிடும். பின்பக்க ரப்பர் மூடியை ஒழுங்காக மாட்டுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் டூமுக்குள் ஆவி கட்டும். எல்லாம் முடிந்ததும் பழையபடி அளந்தால் பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது.

ஆலஜன் டூமில் எல்இடி பல்பு? வெளிச்சம் நிறைய வரும், வேண்டிய இடத்தில் விழாது. ரிஃப்ளெக்டர் கணக்குப் போட்டு வடித்தது ஒரு மெல்லிய இழைக்கு. எல்இடி சிப் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் இருப்பதில்லை. எதிரே வருபவர் கண் கூசும், உங்கள் முன் சக்கரத்துக்கு அருகே மட்டும் வெள்ளையாக இருக்கும். போட்டே தீர வேண்டுமென்றால் சிப்புகள் இடமும் வலமும் பார்க்கும்படி மாட்டுங்கள், மேலும் கீழும் அல்ல. அதைவிட 7 அங்குல முழு எல்இடி யூனிட் மேல். ஆனால் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும் இருக்கிறதா, அதோடு அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். லைட்டுக்கு எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால் அது நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அதன் டிம் வெளிச்சம் எதிர்வண்டியின் முகத்தில் ஏறும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமும், ஆறு மாதம் வரை சிறையும் சொல்லப்பட்டிருக்கிறது. அதே வாட் பல்பு, அதே டூம் என்று இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வராது.

ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று குறி வைக்காமல் வேலை முடியாது. டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்தி, ஒருவர் மேலே உட்காரட்டும். தரையிலிருந்து ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். எப்போதும் பின்னால் ஆள் ஏறும் வண்டி என்றால் இரண்டு பேரை உட்காரவைத்துச் சரிபாருங்கள்; பின்பக்கம் அமுங்கினால் முன் வெளிச்சம் மேலே ஏறும்.

பிரேக் லைட் சின்ன வேலை, ஆனால் உயிர் காப்பது. இந்த வண்டிகளில் 21/5 வாட் இரட்டை இழை பல்பு: 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பல்பின் இரு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தப்பான பக்கம் மாட்டக் கூடாது என்பதற்காகவே அப்படி. ஹோல்டர் தேய்ந்திருந்தால் அழுத்தித் திருப்பி மாட்டிவிட முடியும். அப்போது டெயில் எந்நேரமும் பிரேக் போலப் பளிச்சென்று எரியும், பிரேக் பிடித்தால் ஒரு மாற்றமும் தெரியாது. பிரேக் அமுக்கும்போது டெயில் மங்கினாலோ அணைந்தாலோ பல்பைக் குறை சொல்லாதீர்கள், எர்த் போயிருக்கிறது. ஹோல்டரின் துருவை எமரி பேப்பரால் தேய்த்து, எர்த் ஒயரைப் புதிதாக ஓட்டி, காலில் லேசாக வாசலின் தடவுங்கள்.

எல்இடி பல்பு இங்கே நன்றாகவே வேலை செய்யும், ஆலஜன் டூம் மாதிரி அத்தனை கணக்கு இல்லை. சிவப்பு லென்ஸுக்குள் சிவப்பு எல்இடி போடுங்கள். வெள்ளை எல்இடியின் ஒளியில் சிவப்பு குறைவு. லென்ஸ் வழியே வெளிறிய ரோஸ் நிறமாக வரும். ஆனால் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் தர லென்ஸின் அடியில் தெளிவான ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிவப்பு எல்இடி நம்பர் பிளேட்டையும் சிவப்பாக்கிவிடும். அந்த வண்டியில் பிளேட்டுக்குத் தனியாகச் சின்ன வெள்ளை விளக்கு வேண்டும். டெயில் ஏசியிலும் பிரேக் டிசியிலும் ஓடும் பழைய 100 சிசி வண்டிகளில் எல்இடி போட்டால் டெயில் துடிக்கும், பிரேக் நன்றாக எரியும், பல்பு குறையல்ல.

பின் பிரேக் சுவிட்சைச் சரிசெய்யும்போது சுவிட்சின் உடம்பைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடம்பைத் திருப்பினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். பெடல் அசைந்து, பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பே லைட் வர வேண்டும். மிக முன்னால் வைத்தால் ஓட்டும்போது காலின் கனத்திலேயே எரிந்துகொண்டிருக்கும். 21 வாட் பல்பின் சூட்டில் லென்ஸ் வளையும்.

இருட்டியபின் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி, கை பிரேக்கையும் கால் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துச் சுவரில் சிவப்பு ஏறுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இன்ஜின் ஓடாமல் ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பி வைத்து ஒருமுறை. திருப்பும்போது மட்டும் விட்டு விட்டு எரிந்தால் முன் பிரேக் சுவிட்ச் ஒயர் கழுத்தருகே உள்ளுக்குள் அறுந்திருக்கிறது.