சிங்கப்பூர் உணவங்காடியில் உங்கள் முதல் நாள்: தேக்கா கோப்பியிலிருந்து சாத்தே வரை

சிங்கப்பூருக்குச் சுற்றிப் பார்க்க வரும் நம் ஊர்க்காரர்களில் பலர், நான்கு நாளும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலேயே இட்லி, பொங்கல், பிரியாணி என்று முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்தச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த ஊர் சாப்பிடும் இடம் வேறு. இங்கே அதற்கு உணவங்காடி நிலையம் என்று பெயர், பேச்சில் ஹாக்கர் சென்டர். தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றுக்கொண்டிருந்தவர்களை அரசு 1970களிலும் 80களிலும் தண்ணீர், கழிவுநீர் வசதியோடு ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அப்படி உருவானவைதான் இவை. இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உள்ளே போனவர்கள் பயந்து திரும்பி வருவதற்குக் காரணம் சாப்பாடு இல்லை. எங்கே உட்காருவது, யாரிடம் சொல்வது, எதை எப்படிக் கேட்பது என்று தெரியாததுதான். என் அம்மா முதல் முறை வந்தபோது அவருக்காக ஒரு நாள் திட்டம் போட்டேன். அதற்குப் பிறகு வந்த உறவினர்கள் எல்லோரையும் அதே வழியில்தான் கூட்டிப்போகிறேன். தமிழ் பேசியே சமாளிக்கக்கூடிய இடத்தில் தொடங்கி, பழகியபின் மற்ற இடங்களுக்குப் போவதுதான் அந்த வழி.

படி 1: பையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில், 2, 5, 10 வெள்ளி நோட்டுகள் கொஞ்சம். டாலரை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், செண்டைக் காசு என்பார்கள். பெரும்பாலான கடைகளில் கைபேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டலாம், ஆனால் அது உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்குத்தான் எளிது. வெளியூர்க் கார்டை எல்லாக் கடையும் வாங்காது. அதனால் ரொக்கம் அவசியம்.

டிஷ்யூ எதற்கு என்று படி 3இல் தெரியும். கடைகளில் துடைத்துக்கொள்ளத் தாள் தரமாட்டார்கள், இலவசமாகத் தண்ணீரும் வைக்கமாட்டார்கள். குழாய்த் தண்ணீரே இங்கே குடிக்கத் தகுந்ததுதான், தங்கும் இடத்திலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ரயிலுக்குத் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. தொட்டால் வேலை செய்யும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையையே வாசலில் தட்டிவிட்டுப் போகலாம், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ரயிலுக்குள் தண்ணீர் உட்பட எதையும் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகலாம். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 2: காலை எட்டு மணிக்குத் தேக்கா

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே தேக்கா நிலையம். இப்போதைய கட்டடம் 1982இல் வந்தது. மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த பெயர் தேக்கா. பக்கத்துச் சாலையின் பெயர் பஃபலோ ரோடு. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுக்க மாட்டு வியாபாரம் நடந்தது, அதில் தமிழர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் காய்கறி, மீன், இறைச்சி விற்கும் ஈரச் சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். முதலில் சந்தைக்குள் ஒரு சுற்று வாருங்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் விற்கும் இடத்தில் சீன ஆண்ட்டி ஒருவர் "இருபது காசு, முப்பது காசு" என்று தமிழில் எண்ணிக் கொடுப்பதைக் கேட்கலாம். அந்த ஒரு காட்சியே பாதி பயத்தைப் போக்கிவிடும்.

சாப்பாட்டுப் பக்கத்தில் பாதிப் பெயர்கள் நமக்குத் தெரிந்தவை, எழுத்துத்தான் வேறு. தோசை இங்கே "தோசாய்". "புட்டு மாயம்" என்பது நம் இடியாப்பம், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். "ரொட்டி பிராட்டா" நம் பரோட்டாவின் தம்பி. "பிராட்டா கோசோங்" என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் பிராட்டா. கூட ஒரு கிண்ணம் குழம்பு வரும், மீன் குழம்பா, கோழியா, பருப்பா என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

முதல் வேளைக்கு என் சிபாரிசு: இரண்டு பேருக்கு மூன்று பிராட்டா, ஒன்று முட்டை வைத்தது. அதோடு ஒரு தட்டு இந்தியன் ரோஜாக். வடை, உருளைக்கிழங்கு, டோஃபு, இறால் போண்டா என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதில் வேண்டியதைக் காட்டினால், சுடவைத்துத் துண்டு போட்டு, இனிப்பும் காரமுமான சிவந்த குழம்போடு தருவார்கள். இந்தியாவில் எங்கும் கிடைக்காத இந்தியச் சாப்பாடு இது. நம்மவர்கள் இங்கே வந்து, இங்கே கிடைத்ததை வைத்து ஆக்கியது. "மீ கோரிங்" என்ற வறுத்த நூடுல்ஸும் அப்படித்தான். தமிழ் முஸ்லிம் கடைகளில் செக்கச் சிவப்பாகத் தருவார்கள்.

படி 3: முதலில் இடம், அப்புறம் சாப்பாடு

இதைத் தலைகீழாகச் செய்தால்தான் கஷ்டம். மதிய நேரத்தில் கொதிக்கும் சூப்போடு ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இடம் தேடி நின்றிருக்கிறேன். கை நடுங்கிவிட்டது.

காலியான மேசை தெரிந்ததும் டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். இதற்குச் "சோப்" செய்வது என்று பெயர். அந்த இடம் இனி உங்களுடையது, யாரும் எடுக்கமாட்டார்கள். குடையை வைப்பவர்களும் உண்டு. கைப்பையையும் கைபேசியையும் மட்டும் வைக்காதீர்கள். அதேபோல டிஷ்யூவோ குடையோ கிடக்கும் மேசை காலி மேசை இல்லை. அதை நகர்த்திவிட்டு உட்காரக்கூடாது.

பெரிய மேசையில் ஒருவர் மட்டும் இருந்தால் "இங்கே ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம். முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வது இங்கே சாதாரணம். மேசையில் ஓர் எண் ஒட்டியிருந்தால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் நீங்களே வாங்கிவர வேண்டும், சில கடைகளில் மேசை எண்ணைச் சொன்னால் கொண்டுவருவார்கள்.

படி 4: கோப்பி சொல்லக் கற்பது

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இது வந்துவிட்டால் தீவின் எந்த மூலையிலும் உங்களுக்கு வேண்டிய கோப்பி கிடைக்கும்.

சும்மா "கோப்பி" என்றால் கெட்டியான இனிப்புப் பால், அதாவது டின் பால் ஊற்றிய காப்பி. நம் ஃபில்டர் காப்பி பழகிய நாக்குக்கு அது ரொம்பவே தித்திக்கும். அதனால்தான் பின்னால் சொற்களைச் சேர்க்க வேண்டும். "ஓ" சேர்த்தால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. "சி" சேர்த்தால் டின் பாலுக்குப் பதில் இனிப்பில்லாத சுண்டிய பால், சர்க்கரை தனியாகச் சேர்ப்பார்கள். "கோசோங்" மலாய்ச் சொல், வெறுமை என்று பொருள். பிராட்டாவில் பார்த்த அதே சொல்தான், இங்கே சர்க்கரை வேண்டாம் என்று அர்த்தம். "சியூ தாய்" என்றால் இனிப்பைக் குறைத்து. "காவ்" என்றால் திடமாக. "பெங்" என்றால் ஐஸ் போட்டு.

இனி இவற்றைக் கோர்க்க வேண்டியதுதான். கட்டங்காப்பி, சர்க்கரை இல்லாமல்: கோப்பி ஓ கோசோங். நம் வீட்டுக் காப்பிக்குக் கிட்டத்தட்ட வரவேண்டுமா? கோப்பி சி சியூ தாய். வெயிலுக்கு இதமாக, சர்க்கரையே இல்லாமல், பாலோடு: கோப்பி சி கோசோங் பெங். கோப்பியை எடுத்துவிட்டுத் "தே" போட்டால் எல்லாம் தேநீருக்கும் பொருந்தும். தமிழ் முஸ்லிம் கடைகளில் ஆற்றித் தருவது "தே தாரிக்", இஞ்சி போட்டது "தே ஹாலியா".

ஒரே வரியில் ஹொக்கியன், மலாய், கான்டனீஸ் எல்லாம் கலந்து வருகிறது. இந்த ஊரில் யாரெல்லாம் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று இதைவிட நன்றாகச் சொல்லித்தர என்னால் முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இரண்டாம் நாள் காலை அவரே கடைக்குப் போய் "கோப்பி சி கோசோங்" என்று கேட்டு வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

சுவை ஏன் வேறாக இருக்கிறது என்றால், கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் அல்லது மார்கரினும் சேர்த்து வறுக்கிறார்கள், துணிப் பையில் வடிக்கிறார்கள். கருக்கலின் மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இரண்டாவது கோப்பையில் பிடித்துவிடும்.

படி 5: கடையில் பேசுவது

வரிசையில் நில்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், எண்ணிக்கையை விரலால் காட்டினாலும் போதும். சீனக் கடைக்காரரை அங்கிள், ஆண்ட்டி என்று கூப்பிடலாம். தமிழ்க் கடையென்றால் அண்ணே, அக்கா. "ஹேவிங் ஹியர்?" என்று கேட்டால் இங்கேயே சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். கட்டித்தரச் சொல்ல வேண்டுமென்றால் "டாபாவ்". சிலர் வேகமாகப் பேசுவார்கள், முகம் சிடுசிடுவென்று இருப்பதுபோலத் தோன்றும். பின்னால் இருபது பேர் நிற்கும்போது அப்படித்தான் இருக்கும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு தட்டு பெரும்பாலும் 4 முதல் 7 வெள்ளிக்குள் வரும். உணவகங்களில் பில்லின் அடியில் சேரும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் இங்கே கிடையாது. பலகையில் போட்ட விலைதான் கொடுக்க வேண்டிய விலை.

படி 6: தட்டைத் திருப்பி வைப்பது

2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் இது கட்டாயம். சாப்பிட்டு முடித்ததும் தட்டு, கரண்டி, கசக்கிய டிஷ்யூ எல்லாவற்றையும் ட்ரேயோடு எடுத்துப்போய் அடுக்கில் வைக்க வேண்டும். முதல் தடவை எச்சரிப்பார்கள், மறுபடி செய்தால் அபராதம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் பல இடங்களில் தனித்தனி அடுக்கு இருக்கும், பலகையைப் பார்த்து வையுங்கள். இது பிறருடைய நம்பிக்கை சார்ந்த விஷயம், அவசரத்தில் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

படி 7: மதியம் மேக்ஸ்வெல்

லிட்டில் இந்தியாவில் ஊதா நிற ரயில் பாதையில் ஏறி மூன்றாவது நிலையமான சைனாடவுனில் இறங்கி நடங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தொடங்கிய கோயில், 1827இலிருந்து இருக்கிறது. சைனாடவுனின் நடுவில் இருக்கும் டெம்பிள் ஸ்ட்ரீட், பகோடா ஸ்ட்ரீட் இரண்டுக்கும் இந்தக் கோயிலால்தான் அந்தப் பெயர் வந்தது. சுற்றுலாப் பயணிகள் பலர் அது ஏதோ சீனக் கோயில் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் மேக்ஸ்வெல் உணவங்காடி. பதினொன்றே காலுக்குள் போய்விடுங்கள், பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் மொத்தமும் வந்துவிடும். இங்கே சாப்பிட வேண்டியது சிக்கன் ரைஸ். ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது. பதமாக வெந்த கோழி, கோழிச் சாற்றில் இஞ்சி பூண்டோடு வெந்த சோறு, ஒரு மிளகாய்ச் சட்னி. பார்க்க வெளுப்பாக இருக்கும். முதலில் சோற்றை மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் சட்னியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நீளமான வரிசை உள்ள கடைதான் வேண்டும் என்று ஒரு மணி நேரம் நிற்காதீர்கள். முதல் முறை சாப்பிடுபவருக்குப் பக்கத்துக் கடையிலும் அதே நிறைவு கிடைக்கும்.

வேர்த்துக் கொட்டினால் ஒரு கரும்புச் சாறு, அல்லது தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிய செண்டோல்.

சைவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். சிக்கன் ரைஸ் கடையில் "சோறு மட்டும்" வாங்கினாலும் அது அசைவம்தான். கீரைப் பொரியலில்கூடக் காய்ந்த இறாலோ சிப்பிச் சாஸோ இருக்கலாம். "வெஜிடேரியன்" என்று மட்டும் கேட்டால் போதாது, "நோ மீட், நோ ஃபிஷ், நோ ப்ரான், நோ எக்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சீனச் சைவக் கடைகளில் 素 என்ற எழுத்து பெரிதாக இருக்கும், படம் எடுத்து வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. அங்கே கோழி மாதிரியே தெரிவது சோயாவிலோ கோதுமையிலோ செய்தது, பதற வேண்டாம்.

கிளம்பும் முன் ஒன்று: நிலையங்களைச் சுத்தம் செய்வதற்காக அவ்வப்போது மூடுவார்கள், அந்தத் தேதிகள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் இருக்கும். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகளும் நிறைய.

படி 8: இரவு, சாத்தே

ஏழு மணிக்கு லாவ் பா சாட். பழைய சந்தை என்று பொருள். எட்டுப் பக்கமும் வார்ப்பிரும்புத் தூண்களுமாக 1894இல் எழுந்த கட்டடம், அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வரலாம். அதை ஒட்டிய பூன் டாட் தெருவில் இரவானால் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போடுவார்கள், கரி அடுப்புப் புகை வானம் வரை போகும். அங்கே கோழி, ஆடு, மாடு, இறால் எல்லாம் குச்சியில் குத்திக் கரியில் சுட்டுத் தருவார்கள், அதுதான் சாத்தே. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கலந்த செட்டை வாங்காமல், "கோழி பத்து, ஆடு பத்து" என்று பிரித்துக் கேளுங்கள். கூடவே வரும் வேர்க்கடலைக் குழம்பில் நன்றாகப் புரட்டி, நடுவில் ஒரு துண்டு வெள்ளரி, ஒரு துண்டு வெங்காயம் என்று சாப்பிட வேண்டும்.

சாப்பிட்ட பிறகு அதே பூன் டாட் தெருவில் கொஞ்சம் நடந்து தெலுக் ஆயர் தெரு முனைக்குப் போங்கள். அங்கே நாகூர் தர்கா நிற்கிறது, நம் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. அப்போது கடல் அந்தத் தெரு வரை இருந்தது, கப்பலை விட்டு இறங்கியவர்கள் முதலில் வந்து தொழுத இடங்களில் ஒன்று. இரவு விளக்கில் அதன் மினாராக்களைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் நீல நிறப் பாதையில் ஏறினால், லிட்டில் இந்தியாவில் நேராக இறங்கிவிடலாம்.