தூண்டிலோடு கடல் தாண்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு படம் வந்தது. எங்கள் பக்கத்துப் பெடியன்கள் இரண்டு பேர், திருவாரூர்ப் பக்கம் ஏதோ ஒரு குளக்கரையில், கையில் தூண்டில், காலடியில் ஒரு ரோகு. "அண்ணை, இங்கே பிடிக்க ஆளே இல்லை, குளம் முழுக்க மீன்" என்று கீழே எழுதியிருந்தார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. யாரிடம் கேட்டுத் தூண்டில் போட்டீர்கள் என்று கேட்டேன். "கேட்க ஒருத்தரும் இல்லை அண்ணை" என்று பதில் வந்தது. 2024 ஆவணியில் நானும் இதே மாதிரி ஒரு கரையில், இதே நினைப்போடு நின்றவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்து தமிழ்நாட்டு நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள், சில நாளில் நிறுத்தினார்கள், 2024 ஓகஸ்டில் திரும்பவும் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். அன்றிலிருந்து என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: காவிரிப் பக்கம் போய் நன்னீர் மீன் பிடிப்பது அந்த அலைச்சலுக்குப் பெறுமதியா? மீனுக்காக மட்டும் என்றால் இல்லை. ஓடுகிற ஆற்றங்கரையில் ஒரு காலையாவது நிற்க வேண்டும் என்றால் ஓம், போகலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு ஆறு என்பது படத்தில் பார்த்த ஒன்று. மாரியில் கொஞ்ச நாள் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆசையோடு போய்ச் செய்கிற பிழைகள் இருக்கின்றன. கடவுச்சீட்டை மறந்துவிட்டுப் போவது மாதிரியான சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

இரணைமடுவைப் பார்க்காமலே டிக்கெட் எடுப்பது

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் ஒன்றரை மணித்தியாலத்தில் இரணைமடுக் குளம். அங்கே கட்லா இருக்கிறது, ரோகு இருக்கிறது, திலாப்பியா எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, விராலும் உண்டு. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் என்று வன்னி முழுக்கக் குளங்கள். கடல் தாண்டிப் போய்ப் பிடிக்கிற அதே இன மீனை இங்கே காலையில் போய்ப் பிடித்து மத்தியானச் சோற்றுக்குக் கொண்டுவரலாம். வன்னிக் குளத்தில் ஒரு நாள்கூடத் தூண்டில் போடாதவர் முதல் தடவையே காவிரிக்குப் போனால், அங்கே மீன் கடிக்காதது இடத்தின் பிழையா தன் கையின் பிழையா என்று அவருக்கே தெரியாது. (வன்னியில் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று போட வேண்டாம்.)

கடலுக்கு நாள் பார்த்து, ஆற்றுக்குப் பார்க்காமல் போவது

சித்திரை, வைகாசியில் கடல் குளம் மாதிரி இருக்கும், கப்பலில் சத்தி வராது என்று அந்த மாதங்களில் போகிறார்கள். போய் இறங்கினால் டெல்டா முழுக்க வாய்க்கால்கள் வறண்டு, ஆட்டு மந்தை நடந்து போகிற மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கிற வழமையான நாள் ஜூன் 12. அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். அந்தத் தண்ணீர் கல்லணை வந்து, பிரிந்து, நாகப்பட்டினத்துக் கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாள் எடுக்கும். சரி, ஐப்பசி கார்த்திகையில் போகலாம் என்றால் அப்போது ஆற்றில் தண்ணீர் இருக்கும், ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றில் கப்பல் நின்றுவிடும். ஆகவே ஆடி, ஆவணிதான் கணக்கு. அங்கே ஆடிப் பதினெட்டில் பெண்கள் காவிரிக் கரைக்கு வந்து விளக்கு விடுவார்கள், புதுத் தண்ணீர் கலங்கலாகப் போகும். அந்தக் கலங்கல் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் தூண்டிலுக்கு நல்லது.

கடல் சாமானை ஆற்றுக்குக் கொண்டு போவது

எங்களில் பாதிப்பேர் கடலில் பழகியவர்கள். தடித்த தங்கூசி (நைலோன் நூல்), கனத்த ஈயம், பெரிய முள். அதையே கொண்டுபோய் ஆற்றடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கட்லாவின் வாயை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கீழ்த்தாடை முன்னுக்கு வந்து, வாய் மேலே பார்த்துத் திறக்கும். அது மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகு நடுத் தண்ணீரில், மிருகால் அடியில். ஈயத்தைக் கட்டி அடியில் விட்டால் கட்லா உங்கள் இரையைப் பார்க்கவே பார்க்காது. மிதப்புக் கட்டி, ஒன்றரை அடி, இரண்டடி ஆழத்தில் விட்டுப் பாருங்கள்.

இரைக்கு அங்கே கேழ்வரகு மா உருண்டை நன்றாக எடுபடும். எங்கள் குரக்கன்தான் அது. கடையில் குரக்கன் என்று கேட்டால் முழிப்பார்கள். அதே மாதிரி தங்கூசி என்றும் கேட்காதீர்கள், நரம்பு என்று கேளுங்கள். மிதப்பு அங்கே தக்கை. திலாப்பியாவை ஜிலேபி என்பார்கள், பலகாரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

குளம் யாருடையது என்று கேட்காமல் தூண்டில் போடுவது

இதைத்தான் நான் நீட்டி எழுத வேண்டும்.

எங்கள் வன்னிக் குளங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் இருக்கின்றன, தோணியில் போய் வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அணைக்கட்டில் ஒருவன் தடியோடு உட்கார்ந்திருந்தால் என் அனுபவத்தில் பெரிதாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. "என்ன தம்பி, கடிக்குதோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கத்தில் நாங்கள் தண்ணீர் என்றால் பொது என்று நினைத்து வளர்ந்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. அங்கே குளம், ஏரி, கண்மாய் அனேகமாக எல்லாவற்றுக்கும் மீன்பாசி ஏலம் என்று ஒன்று உண்டு. சில குளம் ஊராட்சியின் கையில், சிலது கோயிலின் கையில், சிலது அரசுத் துறையின் கையில். ஏலத்தில் எடுத்தவர் காசு கட்டி, மீன்குஞ்சு வாங்கி விட்டு, தவிடும் பிண்ணாக்கும் போட்டு, காவலுக்கு ஆள் வைத்து வளர்க்கிறார். பார்க்க யாருமில்லாத காட்டுக்குளம் மாதிரி இருக்கும், தாமரை படர்ந்திருக்கும், கரையில் வேப்பமரம் நிற்கும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு மீனும் ஒருவருடைய முதல். பெரிய அணைகளிலும் மீன்வளத்துறை, கூட்டுறவுச் சங்கம் என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள், உரிமம் உள்ளவர்தான் பிடிக்கலாம்.

எனக்கு இது தெரியாது. நானும் ஒரு கூட்டாளியும் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் குளத்தில் விடிய ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஏழரைக்கு மிதப்பு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, சடாரென்று உள்ளே போனது. பத்து நிமிடம் விட்டு விட்டு இழுத்து எடுத்தேன். இரண்டரைக் கிலோ வரும், சிவந்த செட்டை, ரோகு. புல்லில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறோம், சைக்கிளில் வந்த ஒரு சின்னப் பையன் எங்களைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் வந்த வழியே திரும்பிப் போனான். இருபது நிமிடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

முதலில் அவர்கள் சத்தம் போடவில்லை. அதில் மூத்தவர், நாற்பது வயது இருக்கும், சட்டைப் பையில் சின்னக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். "ஏண்ணே, யாரைக் கேட்டு தூண்டி போட்டீங்க? இது நான் மூணு வருஷத்துக்கு ஏலம் எடுத்த குளம். குஞ்சு விட்டது நான், தீனி போட்டது நான்" என்றார். அந்த இடத்தில் பிழை எங்களுடையது, மன்னியுங்கள், மீனுக்கு என்ன காசு என்று கேட்டிருந்தால் அந்த ரோகின் விலையோடு கதை முடிந்திருக்கும். என் கூட்டாளி, "குளம் பொதுச் சொத்துத்தானே, நாங்கள் ஒரு மீன்தானே பிடித்தோம்" என்று கதைக்கத் தொடங்கினான். நானும் அவனைத் தடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான்.

ஊர் கூடிவிட்டது. எங்கள் பேச்சைக் கேட்டதும் சிலோன்காரர்களா என்று ஒருவர் கேட்டார். கடவுச்சீட்டை எடுக்கச் சொன்னார்கள். வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் விஷயம் குளத்துக்காரரின் கையை விட்டுப் போய்விட்டது, காவல் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றார்கள். அங்கே மாலை வரை இருந்தோம். யாரும் அடிக்கவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள், தேத்தண்ணீரும் வாங்கித் தந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் மூன்று தடவை: ஏன் வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், மீன்பிடிக்கவா இந்தியாவுக்கு வந்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு, எல்லை தாண்டி மீன்பிடிப்பதை வைத்து இரண்டு கரை மீனவருக்கும் நடுவில் இவ்வளவு நடந்துகொண்டிருக்கிற இந்தக் காலத்தில், உண்மையான பதில்கூடக் கதை மாதிரித்தான் கேட்டது. அடுத்த நாள் காலையும் வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அந்தக் காலையில்தான் எங்கள் கப்பல். கப்பல் எல்லா நாளும் ஓடுவதில்லை, அடுத்ததற்கு இரண்டு நாள் இருக்க வேண்டியதாயிற்று. குளத்துக்காரருக்குக் கொடுத்தது, தங்கியது, திரும்ப டிக்கெட் எடுத்தது எல்லாம் சேர்த்து இந்தியக் காசில் 14,000 ரூபாய். ஒரு ரோகுக்கு.

ஆகவே போகும் முன்னமே ஊரில் ஒருவரைப் பிடித்து வையுங்கள். தேத்தண்ணீர்க் கடையில் விசாரித்தால் போதும், குளம் யார் எடுத்தது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவரிடம் நேரே போய், கிலோவுக்கு இவ்வளவு தருகிறேன், ஒரு காலை மட்டும் உட்கார விடுங்கள் என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் அனேகமானோர் விட்டார்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டே போடுங்கள். கதவணை, மதகுப் பக்கம் போகவே வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி, குத்தகையும் முடிந்த பிறகு மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு நூற்றுக்கணக்கானவர்கள் சேற்றில் இறங்குவார்கள். தூண்டிலுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய காட்சி.

மகாசீர் கனவு

விடுங்கள். காவிரியின் பெரிய ஆற்று மீனான மகாசீரோடு கர்நாடகப் பக்கம் பழைய படங்களில் பார்க்கிற அந்த இடங்கள் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கின்றன. திமில் மகாசீர் 2018 முதல் அழிவுக்கு மிக அருகில் உள்ள இனங்களின் பட்டியலில்.

நாகப்பட்டினத்தில் படகுக் கதை கதைப்பது

கையில் தூண்டில் பையைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் என் எதிரே இருந்தவர், இலங்கைக் கடற்படை பிடித்த தன் மச்சானின் படகு யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் கிடக்கிறது என்று சொன்னார், குரல் உடைந்துதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் அதை வாதாட வேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள், போதும்.

விசாவில் எந்த வழியாக நுழையலாம் என்று பார்க்காதது

பாருங்கள்.

மீன்குஞ்சு கொண்டுவருவது

கூடவே கூடாது. ஒருவர் போத்தலுக்குள் கெளுத்திக் குஞ்சு போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்டார். இந்தியாவிலேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி எது, நாட்டுக் கெளுத்தி எது என்று அந்த அளவில் உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா? அனுமதியில்லாமல் உயிர் மீன் கொண்டுவருவது சட்டத்துக்கும் பிழை, இரணைமடுவுக்கும் கேடு. வேண்டாத மீன்களை நாங்கள் ஏற்கெனவே போதியளவு வாங்கி வைத்திருக்கிறோம்.

பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பது

பச்சை மீனைப் பெட்டியில் கட்டிக்கொண்டு சுங்கத்தில் நிற்காதீர்கள். அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். நான் இரண்டாம் முறை போனபோது அதே குளத்துக்காரரிடம்தான் போனேன். முதலில் முகத்தைத் திருப்பினார், பிறகு சிரித்துவிட்டார். காசு பேசி, காலை பத்து மணி வரை இருந்து இரண்டு ரோகு எடுத்தேன், ஒன்றை அவர் வீட்டில் புளி விட்டுக் குழம்பு வைத்தார்கள். நல்ல குழம்புதான், ஆனால் எனக்கு உறைப்புக் காணவில்லை, அவருடைய மனைவி எங்கள் ஊர்த் தூளைப் பற்றி விபரமாக விசாரித்தார். வருகிற ஆடிக்குப் போகும்போது வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள் அரைக் கிலோ பையில் இருக்கும்.