தூசி படிந்த பேட்ச்சை லூசீனுக்குள் சேர்ப்பது எப்படி?

எலாஸ்டிக்சர்ச், சோலர் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டுக்கும் அடியில் ஓடுவது அப்பாச்சி லூசீன் என்ற ஜாவா நிரல்தொகுப்பு. பினாங்கில் ஒரு நூலகப் பட்டியலுக்குத் தமிழ்த் தேடல் போட உட்கார்ந்தால், உங்களுக்கு வேண்டிய திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, யாரோ எப்போதோ எழுதி, கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்க்கலாம். தரம் குறைவு என்பதால்தான் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அதைச் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பதுதான் நம் வேலை.

கிட், ஜாவா தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். லூசீன் 10க்கு ஜாவா 21 வேண்டும். மெயின் கிளை அதைவிடப் புதியதைக் கேட்கலாம், பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பைப் பாருங்கள். முதல் பில்டு நிறைய இறக்கும். மாமாக் கடை வைஃபையில் தொடங்காதீர்கள்.

1. தேடி எடுப்பது. ஜிரா என்ற புகார்ப் பதிவுத் தளத்தில் இருந்த பழைய புகார்கள் 2022இல் கிட்ஹப்புக்கு மாறின. அங்கேயே தேடுங்கள். கிடைத்ததும் "இதை நான் எடுத்துச் செய்கிறேன்" என்று அந்த இழையில் ஒரு வரி போடுங்கள். கமிட்டில் முதலில் எழுதியவரின் பெயரே ஆத்தராக இருக்கட்டும்.

2. பொருத்துவது. பலர் இங்கேதான் விழுகிறார்கள். லூசீன் 2016இல்தான் சப்வெர்ஷன் என்ற பழைய பதிப்புக் கருவியை விட்டு கிட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய பேட்ச்சில் பாதைக்கு முன்னால் 'ஏ/', 'பீ/' இருக்காது. கிட் அப்ளையோ வழக்கப்படி பாதையின் முதல் துண்டை வெட்டிவிடும். 'லூசீன்' என்ற கோப்புறைப் பெயரே போய், கோப்பைக் காணோம் என்று நிற்கும். ஆகவே '-பீ0' கொடுங்கள், கூடவே '--ரிஜெக்ட்'. பொருந்தியவை ஏறிவிடும், பொருந்தாதவை '.ரெஜ்' கோப்புகளாக ஒதுங்கும். '--3வே' இங்கே உதவாது, அதற்கு வேண்டிய கிட் ஹாஷ் சப்வெர்ஷன் பேட்ச்சில் கிடையாது.

ஒதுங்குவது நிறையவே இருக்கும். லூசீன் 9.0 வருமுன் நிரல் முழுவதும் கூகுள் ஜாவா ஃபார்மேட் என்ற எழுத்து வடிவத்துக்கு மாறியதால் வரி உடைப்புகளே வேறு. கையால் எழுதுவதே வேகம். இன்டெல்லிஜேயில் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்தால் அரைமணி வேலை. முடிந்ததும் கிரேடில் என்ற பில்டு கருவியில் டைடி ஓட்டுங்கள், வடிவத்தை அது சரிசெய்யும்.

3. தோற்கும் சோதனை. 'கோலாலம்பூர்' என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறி ஒரே யூனிகோட் குறியாக இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, குறியீட்டில் வேறு. இண்டிக் நார்மலைசேஷன் ஃபில்டர் இத்தகையவற்றை ஒன்றாக்கத்தான் இருக்கிறது. சொந்தமாக அனலைசர் (உரையைத் தேடல் சொற்களாக உடைக்கும் பகுதி) கட்டும்போது அதை விட்டுவிட்டால் தேடல் பாதியைத்தான் காட்டும்.

இப்படிப்பட்ட சோதனையில் தமிழ் எழுத்தை ஒட்டாதீர்கள். சில எடிட்டர்கள் சேமிக்கும்போதே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சோதனை எப்போதும் பாஸ் ஆகும், எதையும் நிரூபிக்காது. யூனிகோட் எண்களாகவே எழுதுங்கள். பேட்ச் இல்லாமல் தோற்று, பேட்ச்சுடன் ஜெயிப்பதை ஓட்டிப் பாருங்கள். உங்கள் திருத்தத்தைப் பார்வையிடுபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

லூசீன் சோதனைகள் மொழிச்சூழல், நேர மண்டலம் எல்லாவற்றையும் குலுக்கிப்போட்டு ஓடும். தொடர்பில்லாத ஒன்று தோற்றால், பிழைச் செய்தியில் வரும் சீட் எண்ணோடு (அதே குலுக்கலைத் திரும்ப வரவைக்கும் எண்) மெயின் கிளையில் ஓட்டுங்கள். அங்கேயும் தோற்றால் உங்கள் தவறல்ல. அதை எழுதிவிடுங்கள்.

4. அனுப்புவது. கிரேடில் செக், சேஞ்சஸ் கோப்பில் ஒரு வரி, பிறகு புல் ரிக்வெஸ்ட். அனலைசரின் நடத்தை மாறினால் பழைய இண்டெக்ஸில் (ஏற்கெனவே கட்டிய தேடல் அட்டவணையில்) உள்ள சொற்கள் புதிய தேடலுக்குப் பொருந்தாது. நிரலில் சேர்க்கும் உரிமையுள்ள கமிட்டர்கள் தயங்க முக்கியக் காரணம் இது. விருப்பத் தேர்வாக வைக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். கூடவே "சும்மா சுத்தம் செய்தேன்" வகைத் திருத்தங்கள் வேண்டாம்.

கோலாலம்பூரில் இரவு ஒன்பது என்றால் நியூயார்க்கில் காலை எட்டோ ஒன்பதோ. அங்கிருந்து வரும் பதிலுக்கு உடனே பதில் போட அதுவே நல்ல நேரம். இரண்டு வாரம் அசைவில்லை என்றால் தானியங்கி பாட் உங்கள் புல் ரிக்வெஸ்டுக்கு 'ஸ்டேல்' (பழசு) முத்திரை குத்தும். மூடிவிடாது, பயப்பட வேண்டாம். மெயினை மெர்ஜ் செய்து ஒரு நினைவூட்டல் போடுங்கள். பார்வை நடக்கும்போது ஃபோர்ஸ் புஷ் செய்தால் எது புதிது என்று அவர்களுக்குத் தெரியாது.

பிறகு சேர்த்தது: விண்டோஸில் பேட்ச்சின் ஒரு வரிகூட ஏறவில்லை என்றால் வரிமுடிவு வேறுபாடுதான். '--இக்னோர்-ஒயிட்ஸ்பேஸ்' போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை அணைத்துவிட்டுப் புதிதாகக் குளோன் செய்யுங்கள்.