நோய்ப்பரவல் காலத்தில் தற்கொலைத் தடுப்பையும் குடும்ப வன்முறை உதவியையும் சேர்த்து நடத்துவது எப்படி? நெல்லைக் களப்பணியாளர்களுக்கு

"ஆளைத் தனியே விடாதீங்க, வீட்டாரைக் கண்காணிக்கச் சொல்லுங்க." தற்கொலைத் தடுப்பில் சொல்லித்தரும் முதல் பாடம் இது. குடும்ப வன்முறைப் பணியிலோ, "வீட்டாரிடம் மூச்சு விடாதீங்க" என்பார்கள். இரண்டு ஆபத்தும் ஒரே பெண்ணுக்கு இருக்கும்போது ஆலோசகர் கணவருக்குப் போன் போட்டால், அடிக்கிறவனையே காவலுக்கு வைத்ததாக ஆகிவிடும். பெண்ணைக் காப்பகத்தில் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் இதே போன்ற பிழைதான். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த முதல் சில நாட்களில் அவர் மனம் என்ன பாடுபடும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஊரடங்கில் இந்த இரண்டு பிழையும் உயிரைக் குடிக்கும். ஆகவே யார் முதலில் பார்த்தாலும், வீட்டில் அடி உண்டா, சாகத் தோன்றுகிறதா என்ற இரண்டு கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

முதலில் ஒரு பக்கத்தில் ஆள் பட்டியல் போடுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் (குடும்ப வன்முறைப் புகாரைக் கவனிப்பவர்), ஒருங்கிணைந்த சேவை மையம் (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் மையம்), மாவட்ட மனநலத் திட்டக் குழு, ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அனைத்து மகளிர் காவல் நிலையம், சட்டப் பணிகள் ஆணைக்குழு (15100). ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரின் கைபேசி எண் வேண்டும். காய்ச்சல் பரவியதும் ஆலோசகர்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிடுவார்கள். ஒற்றை எண்ணை நம்பியிருந்தால் அன்றே சங்கிலி அறுந்துவிடும். இவர்களின் வண்டிக்கு அனுமதிச் சீட்டும், இது அத்தியாவசியப் பணி என்ற ஆட்சியர் உத்தரவும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு எல்லைக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ஆலங்குளத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் அம்பாசமுத்திரத்தில் தாய்வீட்டுக்கு வந்திருந்தால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். "அது அந்த மாவட்டம்" என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது.

அடுத்தது, பேச இடம் பிடிப்பது. இந்தச் சீமையில் பீடி சுற்றும் பெண்களுக்கு, இலையும் தூளும் வாங்கவும் சுற்றியதை ஒப்படைக்கவும் பீடிக் கடைக்குப் போவதுதான் வாய்விட்டுப் பேசக் கிடைக்கும் நேரம். கடை அடைத்தால் கூலியோடு அதுவும் போய்விடும். அப்போது வீட்டுப்படி ஏறக்கூடியவர்கள் கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், காய்ச்சல் கணக்கெடுக்க வருபவர் ஆகியோர்தான். பெண் மடியில் சுளகை வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார், மாமியார் பின்னாலேயே உட்கார்ந்திருப்பார். அங்கே எதையும் கேட்காதீர்கள். "காய்ச்சல் பார்க்கணும், வெளிச்சத்துக்கு வாங்கக்கா" என்று தார்சாவைத் தாண்டி வாசலுக்குக் கூப்பிடுங்கள். இரண்டு நிமிடம் போதும்:

"வீட்ல யாரும் அடிக்காவளா? பயமா இருக்கா?"
"செத்துரலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியளா? அதுக்கு எதாவது எடுத்து வச்சிருக்கியளா?"

நேரடியாகக் கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

போனில் என்றால் முதல் வாக்கியம், "இப்போ பேச முடியுமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க." வேறு யாராவது எடுத்தால், தடுப்பூசிப் பட்டியல் சரிபார்ப்பதாகச் சொல்லி வையுங்கள். குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது. உதவி கேட்க என்று விளம்பரப்படுத்திய ரகசியச் சொல்லையும் நம்ப வேண்டாம், அந்த விளம்பரத்தைக் கணவரும் பார்த்திருப்பார்.

இன்றே ஆபத்து என்று தெரிந்தால் 108, அடி நடந்துகொண்டிருந்தால் 112. வண்டி வரும்வரை கூட இருங்கள். துணைக்கு யாரை வைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். "யாரு பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும்?" என்று கேளுங்கள். தங்கச்சி, பக்கத்து வீட்டு மதினி என்று அவர் சொல்லும் ஆள்தான் துணை. மற்ற வேளைகளில் மனநலத்துக்கு 14416 அல்லது 104, வன்முறைக்கு 181, குழந்தைக்கு 1098.

நோய்க்காலத்தில் இரண்டு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். ஆபத்தில் இருப்பவர் உள்ள வீட்டில், அது யாருடைய மாத்திரையானாலும், ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வயல் மருந்தை வீட்டைவிட்டு வெளியேற்றிப் பூட்டச் சொல்லுங்கள்; சாவி அடிக்கிறவன் கையில் இருக்கக்கூடாது.

தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வருபவரின் பதிவேட்டில், கூட வந்த கணவர் சொன்னபடி "வயிற்றுவலி தாங்காமல்" என்று ஏறிவிடும். அவரைச் சீட்டுப் போட அனுப்பிவிட்டு, பெண்ணிடம் தனியாக மறுபடி கேளுங்கள். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் வாய் திறக்காதவர்கள் நிறைய. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்கிறது, தண்டனை இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே பாதுகாப்பு அலுவலர் கட்டிலுக்கு வந்து படிவம் 1-ஐ (குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை) எழுத வேண்டும். வீடு திரும்பிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று மாதம் வாரம் ஒருமுறை அவரோடு பேசுங்கள்.

ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள்தான் தங்கலாம். காப்பகங்களோ தொற்றில்லை என்ற சான்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். கழிப்பறையோடு ஒரு தனி அறை ஒதுக்கி, பரிசோதனையை அங்கேயே எடுப்பதென்று முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். எங்கள் கருத்தில், இதைவிட நல்ல வழி குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு: வீட்டைவிட்டு வெளியேறும்படி கணவருக்கே நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கிடைக்கும். பெண்ணும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

தற்கொலைத் தடுப்பு, வன்முறை உதவி ஆகிய இரு தரப்பும் தினமும் மாலை ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் போனில் பேசட்டும். பகிர வேண்டியது நான்குதான்: வழக்கு எண், இன்றைய ஆபத்து நிலை, பாதுகாப்பான நேரம், அடுத்து யார் பேசுவது. பெயரையும் தெருவையும் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

போன் வருவது குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். கணவர் நாள் முழுக்க வீட்டில் இருக்கும்போது 181-க்குப் பேச வழியில்லை. ஒன்றியவாரியாக அழைப்பு எண்ணிக்கையைச் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு, திடீரென அமைதியான ஒன்றியத்துக்கு மறுநாள் காலையிலேயே காய்ச்சல் குழுவை அனுப்புங்கள்.