நூறு மீட்டர் தாழ்ந்துபோன அராலி

யாழ்ப்பாணத்து வழுக்கையாற்று வெள்ளம் எங்கே தேங்கும் என்று பார்க்க, ஒரு சோடிச் செய்மதிப் படங்களை, இரு படங்களை ஒப்பிட்டு உயரம் கணிக்கும் நாசாவின் ஏம்ஸ் ஸ்டீரியோ பைப்லைன் மென்பொருளில் போட்டு நில உயர மாதிரி எடுத்தேன். அராலி, சண்டிலிப்பாய் எல்லாம் ஏறக்குறைய மைனஸ் 100 மீட்டர்!

மென்பொருளில் பிழையில்லை. அது உயரத்தை, பூமியின் வடிவத்துக்கு ஈடாக வைத்த கணித நீள்வட்டக் கோளத்திலிருந்து அளக்கிறது. எங்கள் பக்கத்தில் கடல் மட்டம், அதாவது ஜியோயிட், அதற்கு அவ்வளவு கீழே கிடக்கிறது. ஜியோயிட் திருத்தக் கட்டளையை ஓடவிட்டதும் அது சரி.

தலையிடி அப்புறம்தான். குடாநாட்டின் பெரும்பகுதி 10 மீட்டருக்கும் தாழ்வு; 2 மீட்டர் பிழையே தண்ணீரின் திசையை மாற்றிவிடும். படமோ மண்ணைப் பார்ப்பதில்லை, பனை வட்டையும் கூரையையும்தான் பார்க்கிறது. பனங்கூடல்கள் குன்றுகளாக நின்றன. கடல் நீரேரியில் இரு படங்களையும் பொருத்த அடையாளம் எதுவும் இல்லாததால் ஒரே மேடுபள்ளம். அதை அப்படியே வெட்டி எறிந்தேன்.

2018இல் ஏவிய நாசா செய்மதி ஐஸ்சாட்-2இன் லேசர் உயரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வெறும் வயலிலும் தரவை எனும் புல்வெளியிலும் விழுந்த புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றுக்கும் என் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தின் இடைநிலையை (மீடியன்) மாதிரியிலிருந்து கழித்தேன். அந்த வித்தியாசத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு சாய்வும் இருந்தது, அதையும் நீக்கினேன். பனங்கூடல்களைக் கையாலேயே வரைந்து அகற்றி, சுற்றியுள்ள நிலத்தால் நிரப்பினேன். தானியங்கி வடிகட்டி வயல் வரம்பையும் சேர்த்து வழித்துவிடும்.

ஒன்று கவனியுங்கள்: லேசர் உயரமும் நீள்வட்டக் கணக்கில்தான் வரும். கழிக்குமுன் இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவாருங்கள்.